தரைப் பிரதிநிதி

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விமானம் விழவில்லை. 'விழுந்தது' என்று சொன்னால் விசாரிக்க வந்த குழுவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். அவர்கள் பாஷையில் அது 'முன்னறிவிப்பற்ற தரைத் தொடர்பு'. ராஜமாணிக்கம் பாவம், இது தெரியாமல் பார்த்தவரிடமெல்லாம் 'உய்ந்துச்சுப்பா, என் வாசல்லதான் உய்ந்துச்சு' என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் பட்ட பாடு அத்தனையும் அங்கேதான் தொடங்கியது.

திருத்தணியில், அரக்கோணம் சாலையிலிருந்து உள்ளே பிரிகிற நெசவாளர் தெருவில் அவர் வீடு. நல்ல அகலமான, நூல் பிடித்தாற்போல் நேரான தெரு. நேராக இருப்பது அழகுக்காக அல்ல, பாவு நீட்டுவதற்காக. தறியில் ஏற்றப்போகிற நூலையெல்லாம் தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, தூரிகையால் நீவி, வெயில் ஏறுவதற்குள் காயவைத்து எடுக்க வேண்டும். ஒரு வீட்டுப் பாவுக்கு எல்லா வீட்டு ஆளும் வந்து கை கொடுப்பார்கள். அந்த நேரத்தில் தெருவுக்குள் சைக்கிள்கூட வராது. தெரியாமல் வந்துவிட்ட மாடு, தான் ஏன் மாடாய்ப் பிறந்தோம் என்று நினைக்கிற அளவுக்குத் திட்டு வாங்கும்.

சித்திரை மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. ராஜமாணிக்கத்தின் பாவு, வெள்ளை வெளேரென்று, தெரு நடுவில் நீண்டு கிடந்தது. வானத்தில் சத்தம் கேட்டது. யாரும் தலை நிமிரவில்லை. அரக்கோணத்துக் கடற்படை விமானங்களைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காது அது. அப்புறம் சத்தம் நின்றது. அப்போதுதான் எல்லோரும் நிமிர்ந்தார்கள். நிமிர்ந்த வேகத்திலேயே திண்ணை, வாசல், சாக்கடை என்று கிடைத்த இடத்தில் பாய்ந்தார்கள்.

சின்ன விமானம். இரண்டு பேர் உட்காரலாம், மூன்றாவது ஆள் ஏறினால் சண்டை வரும். பாவின் மேலேயே இறங்கி, பட் பட்டென்று நூலை அறுத்துக்கொண்டு ஓடி, அறுந்த நூலெல்லாம் சக்கரத்தில் சுற்றிச் சுற்றி, கடைசியில் ராஜமாணிக்கத்தின் வாசலில் முக்கி முனகி நின்றது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. கதவைத் திறந்துகொண்டு கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் இறங்கினார். சென்னையில் அடுக்குமாடி கட்டி விற்கிற விஜயராகவன். ஞாயிறானால் சொந்த விமானத்தில் பறப்பது அவருக்குப் பொழுதுபோக்கு.

"இது எந்த ஓடுதளம்? நடுவுல கோடு பிரமாதமா போட்டிருக்காங்களே," என்றார்.

"கோடா? யோவ், அது என் பாவுய்யா!" என்றார் ராஜமாணிக்கம்.

"ஓ, சாரி. பக்கத்துல பெட்ரோல் பங்க் இருக்கா?"

விஜயராகவன் ஒரு காபி குடித்தார், விமானத்தோடு ஒரு படம் எடுத்துக்கொண்டார், கார் வரவழைத்துப் போய்விட்டார். அறுந்த பாவுக்குப் பணத்தை அன்றைக்கே அனுப்பியும் வைத்தார். நியாயத்தைச் சொல்ல வேண்டும், மனிதர் அந்த விஷயத்தில் கெட்டவர் இல்லை. இரண்டொரு நாளில் மெக்கானிக் வந்து இறக்கைகளைக் கழற்றி விமானத்தின் விலாவோடு சேர்த்துக் கட்டினான். லாரியும் வந்துவிட்டது. ஏற்றுவதற்குக் கை வைத்த நேரத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது.

அதிலிருந்து இறங்கியதுதான் 'சிறு தனியார் விமானப் பறத்தல் பாதுகாப்பு இடர் விவாதக் குழு'. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேருக்குத் தாகம் எடுத்துவிட்டது.

"விவாதம் முடியும்வரை விமானத்தை யாரும் அசைக்கக் கூடாது," என்றார் தலைவர் பாலசுப்பிரமணியன். சஃபாரி உடை, சட்டைப்பையில் மூன்று பேனா. "தெருவும் விவாதத்துக்கு உட்பட்டது. ஆகவே தெருவில் எதையும் நீட்டக் கூடாது, மடக்கக் கூடாது, காயவைக்கக் கூடாது."

"பாவு போடணுமே சார்?"

"குறிப்பாகப் பாவு. விமானிகளைத் தவறாக வழிநடத்தக்கூடிய பொருள் அது."

காவலுக்கு முனியன் என்ற போலீஸ்காரரை உட்கார வைத்துவிட்டு ஜீப் கிளம்பியது. தெருவில் தறிகள் ஒவ்வொன்றாக நிற்கத் தொடங்கின. கையிருப்புப் பாவு தீர்ந்த வீட்டில் ஆண்கள் வாசலில் உட்கார்ந்து விமானத்தை முறைத்தார்கள். வேறு தெருவில் போய் நீட்டலாமென்றால் அங்கெல்லாம் வளைவும் வேகத்தடையும் பைக்கும். பாவு நீட்ட முடியாவிட்டால் இந்தத் தெருவுக்குப் பிழைப்பு இல்லை. இதைக் குழுவுக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டுமே என்று ராஜமாணிக்கம் மலையடிவாரத்து விருந்தினர் மாளிகைக்குப் போனார். குழு அங்கேதான் தங்கி விவாதித்தது.

"எப்போ சார் எடுப்பீங்க?" என்று கேட்கத்தான் வாயைத் திறந்தார்.

"ஆ, வாருங்கள்!" என்று தலைவர் எழுந்தே நின்றார். "விமானத் தரப்பு இருக்கிறது, காப்பீட்டுத் தரப்பு இருக்கிறது. தரைத் தரப்பில்தான் ஆள் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தோம். இனி நீங்கள்தான் தரைப் பிரதிநிதி. நீங்கள் ஒப்புக்கொள்ளாமல் இங்கே ஒரு தீர்மானமும் நிறைவேறாது. அந்தக் கடைசி ஸ்டூலில் உட்காருங்கள்."

மற்றவர்களுக்கெல்லாம் மெத்தை வைத்த நாற்காலி. தரையின் பிரதிநிதி தரைக்குப் பக்கத்தில் இருப்பதுதான் முறை என்று விளக்கம் சொன்னார்கள். ராஜமாணிக்கத்துக்குப் பெருமைப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "உறுப்பினர்களே! சிறு விமானம் ஆபத்தானது என்று ஒரு மூடநம்பிக்கை மக்களிடம் பரவிக்கிடக்கிறது. நான் இத்தனை ஆண்டுகளாகக் கோப்பு பார்த்து வருகிறேன். சிறு விமானம் வானத்தில் இருக்கிறவரைக்கும் அதற்கோ அதில் இருப்பவருக்கோ ஒரு சிறு நசுங்கல் உண்டா? கிடையாது. எல்லா விபத்தும் எங்கே நடக்கிறது? தரையில்! அப்படியானால் திருத்த வேண்டியது எதை?"

"தரையை!" என்றார்கள் உறுப்பினர்கள். எல்லோரும் திரும்பி ராஜமாணிக்கத்தைப் பார்த்தார்கள். அவர் தன்னையறியாமல் காலை ஸ்டூலுக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டார்.

காப்பீட்டு நிபுணர் எழுந்தார். கட்டிலிலிருந்து விழுந்து இடுப்பொடிகிறவர்கள் நாட்டில் ஏராளம் என்றும், சிறு விமானத்திலிருந்து விழுந்து இடுப்பு மட்டும் ஒடிந்தவர் ஒருவர்கூட இல்லை என்றும், ஆகவே கட்டிலைவிட விமானம் பாதுகாப்பானது என்றும் நிறுவினார். கைதட்டல் அடங்கியதும் விஜயராகவன் கையைத் தூக்கினார். அவரையும் குழுவில் உறுப்பினராகச் சேர்த்திருந்தார்கள், அனுபவசாலி என்று.

"சார், நான் உள்ளதைச் சொல்லிடறேன். பெட்ரோல் போட மறந்துட்டேன். அவ்வளவுதான். முள்ளு சிவப்புல இருந்தது, போய்டலாம்னு நெனைச்சேன்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "திரு விஜயராகவன், நீங்கள் இன்னும் அதிர்ச்சியிலிருந்து மீளவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்கத்தான் குழு போட்டிருக்கிறது. நீங்களே சொல்லிவிட்டால் குழு எதற்கு? இதைக் குறிப்பில் ஏற்ற வேண்டாம். எல்லோரும் டிபன் சாப்பிடலாம்."

அடுத்த கூட்டத்தில் தரையை விசாரித்தார்கள்.

"உங்கள் தரை அந்த இடத்தில் எவ்வளவு காலமாக இருக்கிறது?"

"எங்க நைனா காலத்துல இருந்து அங்கதான் சார் கீது. அதுக்கு முன்னாடியும் அங்கதான் இருந்திருக்கும்."

"விமானம் வருவது தெரிந்தும் ஏன் விலகவில்லை?"

"தரை எப்டி சார் வெலகும்?"

"எழுதிக்கொள்ளுங்கள்: ஒத்துழைப்பு இல்லை. இதற்கு முன் வேறு ஏதாவது வாகனம் அந்தத் தரையோடு மோதியிருக்கிறதா?"

ராஜமாணிக்கம் வெள்ளந்தி மனிதர். யோசித்துப் பார்த்து, "ஒருவாட்டி தண்ணி லாரி கவுந்துச்சுங்க," என்றார்.

உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். "பழைய குற்றவாளி," என்றார் தலைவர், வருத்தத்தோடு.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது பிரேமா அடுப்பில் வைத்ததைக்கூட மறந்து கணவனையே பார்த்தாள். "ஏங்க, அவங்க கேட்டா நீங்களும் பதில் சொல்லிகினு இருந்தீங்களா?"

"மரியாதையா கேட்டாங்க பிரேமா."

"மரியாதையா கேட்டா? நாளைக்கு நம்ம வூட்டுக் கூரை ஏன் எயுந்து நின்னு சல்யூட் அடிக்கலன்னு கேப்பாங்க. அதுக்கும் பதில் சொல்லிட்டு வாங்க!"

வைகாசி போய் ஆனியும் வந்தது. குழு தெருவுக்கே நேரில் வந்து 'வானத்துக்குக் கீழ் வசிப்போருக்கான தற்காப்புப் பயிற்சி' நடத்தியது. வீட்டுக்கு ஒரு ஹெல்மெட் கொடுத்தார்கள். விசில் ஊதினால் எல்லோரும் தலையைப் பிடித்துக்கொண்டு குந்த வேண்டும், மறுபடி ஊதினால் எழ வேண்டும். தெரு மொத்தமும் குந்தி எழுந்தது. கோடி வீட்டு வெள்ளாடு மட்டும் விசிலுக்கு மசியாமல் தலைவரின் கையிலிருந்த உரையில் பாதியைத் தின்றுவிட்டது. மீதிப் பாதியை அவர் படித்தார். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"வானத்தில் பறக்கும் ஒருவரின் பாதுகாப்பு, கீழே நடக்கும் ஆயிரம் பேரின் கையில் இருக்கிறது," என்று முழங்கினார் தலைவர். "அவர்கள் கவனமாக இருந்தால், பறப்பவர் கவனமாக இருக்க வேண்டிய அவசியமே இருக்காது!"

விஜயராகவன்கூட இதற்கு நெளிந்தார். ராஜமாணிக்கம் அவர் பக்கமாகப் போய், "சார், உங்க பொருள் தானே? நீங்களாவது கேட்டு எடுத்துகினு போகக் கூடாதா?" என்று கெஞ்சினார்.

"எனக்கு இன்னொண்ணு இருக்கு மாணிக்கம், அவசரமில்லை," என்றார் அவர், தோளில் தட்டிக்கொடுத்து.

ஆடி பிறந்தபோது தெருவில் ஒரு தறிகூட ஓடவில்லை. இரண்டு வீடுகள் பூட்டிவிட்டு அரக்கோணம் பக்கம் வேலை தேடிப் போய்விட்டன. பிரேமாவின் தம்பி கண்ணையன் அம்மையார்குப்பத்திலிருந்து வந்தான்.

"பாவா, தப்பா நெனைக்காத. ஒரகடத்துல ஒரு கம்பெனில வாட்ச்மேன் வேலை கீது. கிருத்திகை முடிஞ்சதும் சேரணுமாம். ரூமு, சாப்பாடு அவங்களே. உன் பேரைச் சொல்லி வெச்சிருக்கேன்."

ராஜமாணிக்கம் விமானத்தைத் திரும்பிப் பார்த்தார். நீலச் சட்டை போட்டுக்கொண்டு, வருகிற போகிற காருக்கெல்லாம் சல்யூட் அடித்துக்கொண்டு நிற்கிற தன்னை நினைத்துப் பார்த்தார். மனசு ஒப்பவில்லை. அவமானமான வேலை என்பதால் இல்லை. அவருக்கு நெய்யத் தெரியும், நெய்யப் பிடிக்கும், நெய்ததை வாங்க ஆள் இருக்கிறது. வாசலில் நிற்கிற ஒரு தகர டப்பாவுக்காக ஏன் ஊரை விட்டுப் போக வேண்டும்? அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. எழுந்து போய் விமானத்தின் சக்கரத்தை ஓங்கி ஓர் உதை விட்டார். கால்தான் வலித்தது.

பிரேமா வாசலில் நின்று மலைப்பக்கம் பார்த்துக் கும்பிட்டாள். அது கும்பிட்ட மாதிரி இல்லை, சண்டைக்குக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. "முருகா, உனக்குக் கண்ணு கீதா இல்லியா? இந்தப் பீடை என் வாசலை விட்டுப் போச்சுன்னா, இந்தக் கிருத்திகைக்கு இதையே உனக்குக் காவடியா எடுத்தாறேன்!"

சொல்லிவிட்டு அவளே திகைத்துப் போனாள். ராஜமாணிக்கம் காலைத் தடவிக்கொண்டே நிமிர்ந்தார்.

"எதை?"

"இதைத்தான்," என்றாள் பிரேமா மெதுவாக. "காவடியை எவன் தடுப்பான்?"

எவனும் தடுக்கமாட்டான். ஆடிக் கிருத்திகையன்று திருத்தணியில் காவடி எதிரே வந்தால் பஸ் ஒதுங்கும், லாரி ஒதுங்கும், மந்திரி காரானாலும் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். புஷ்பக் காவடியா, மயில் காவடியா என்று யாரும் கணக்குக் கேட்பதில்லை. கண்ணையனுக்கு இதில் நம்பிக்கை வர வெகுநேரம் ஆகவில்லை. பாவு தூக்கிப் பழகிய தெரு அது. ஒருவர் கை தளர்ந்தால் நூலெல்லாம் சிக்கிக்கொள்ளும் என்று தெரிந்தவர்கள், ஒரே மூச்சில் தூக்கவும் நகர்த்தவும் பிறந்ததிலிருந்து பழகியவர்கள். இறக்கை கழற்றிய அந்தச் சின்ன விமானம் அவர்களுக்கு எம்மாத்திரம்?

முனியனை என்ன செய்வது என்பதுதான் யோசனையாக இருந்தது. ராஜமாணிக்கம் நேரே அவரிடமே போய் விஷயத்தைச் சொன்னார். முனியன் மூன்று மாதமாக அந்த விமானத்தின் நிழலில் உட்கார்ந்து வெந்துபோயிருந்தார்.

"எனக்கு ஆர்டர் இன்னான்னா, பிளேனை விட்டு நகரக் கூடாது," என்றார் முனியன். "பிளேன் நகந்துச்சுன்னா நானும் கூடவே நகரணும். அவ்ளோதான். எனக்கும் ஒரு வேண்டுதல் பாக்கி கீது மாணிக்கம்."

கிருத்திகையன்று காலையில் விமானத்துக்கு மஞ்சள் துணி கட்டினார்கள். மூக்கில் சாமந்தி மாலை, விசிறியில் எலுமிச்சம்பழம், கட்டிவைத்த இறக்கை மேலெல்லாம் மயிற்பீலி, வாலில் வேப்பிலை. பம்பை அடிக்க ஆள் வந்தது. ராஜமாணிக்கம் மஞ்சள் வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக முன்னால் நின்று "அரோகரா!" என்றார். மொத்தத் தெருவும் ஒரே தம்மில் தள்ளியது. முனியன் லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூடவே நடந்தார்.

மெயின் ரோட்டில் திரும்பியதும் ராஜமாணிக்கம் கையைக் காட்டி வேகத்தைக் குறைத்தார். போலீஸ் தடுப்பு ஒன்று இருந்தது. அதற்குப் பின்னால் ஓர் இன்ஸ்பெக்டர், கையில் மைக். இன்ஸ்பெக்டர் விமானத்தைப் பார்த்தார். மஞ்சளைப் பார்த்தார். முனியனைப் பார்த்தார். பாதுகாப்புக்கே ஆள் போட்டிருக்கிறார்கள், பெரிய இடத்துக் காவடி போலிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டார்.

"விமானக் காவடி வருது, விமானக் காவடி வருது! பக்தர்கள் வழி விடுங்க! பஸ்ஸை ஓரங்கட்டுப்பா!"

அதற்குமேல் கேட்பானேன். கூட்டம் இரண்டாகப் பிளந்தது. சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தெலுங்கில் கோவிந்தா போட ஆரம்பித்து, இடம் ஞாபகம் வந்து அரோகராவுக்கு மாறினார்கள். யாரோ சக்கரத்துக்குத் தண்ணீர் ஊற்றினார்கள், யாரோ கற்பூரம் காட்டினார்கள். ஓர் அம்மாள் வாலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இது எந்த ஊரு வேண்டுதலும்மா?" என்று கேட்டார்.

"எங்க தெருவு வேண்டுதலுங்க," என்றாள் பிரேமா. தள்ளுகிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மலையடிவாரத்து விருந்தினர் மாளிகையில் குழு அன்றைக்கும் கூடியிருந்தது. விவாதத்துக்காக அல்ல, கூட்டமில்லாத வழியில் தரிசனத்துக்கு ஏற்பாடு ஆகியிருந்ததால். பம்பைச் சத்தம் வாசலை நெருங்கவும் தலைவர் பாலசுப்பிரமணியன் குளித்து முழுகி, பட்டை போட்டுக்கொண்டு, கைகளைக் கூப்பியபடி வெளியே வந்தார். பூவுக்குள் இருப்பது இன்னதென்று அவருக்குத் தெரியவில்லை. பக்தி மேலிட்டு அவரும் தோள் கொடுத்தார். "அரோகரா!" என்று கத்திக்கொண்டு, வாயிற்கதவைத் தாண்டி, தன் காருக்கு முன்னாலேயே கொண்டுவந்து விமானத்தை நிறுத்தியவர்களில் அவர்தான் முதல் ஆள்.

"மேல ஏத்த முடியாதுங்க. அடிவாரத்துலயே செலுத்திட்டோம்," என்றார் ராஜமாணிக்கம்.

தலைவர் புன்னகையோடு திரும்பினார். ராஜமாணிக்கத்தின் முகத்தைப் பார்த்தார். மாலையை விலக்கி விமானத்தைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த விபூதி தவிர மற்றதெல்லாம் வெளுத்தது.

"இது... இதை யார் அசைத்தது?"

"நீங்களுந்தான் சார்," என்றார் முனியன், கையைக் கட்டிக்கொண்டு.

தலைவர் அவசரமாகக் காரை எடுக்கச் சொன்னார். டிரைவர் தலையைச் சொறிந்தான். "சார், விமானம் வழியை மறிச்சுகினு நிக்குது. விவாதம் முடியற வரைக்கும் அதை யாரும் அசைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சார் ஆர்டர் போட்டீங்க?" விமானம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. தலைவரின் கார், உறுப்பினர்களின் ஜீப், சாப்பாடு வண்டி எல்லாம் அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்டன. தரிசன நேரம் போய்க்கொண்டிருந்தது. அந்த மாளிகையின் தரையை முறைப்படி விசாரிக்க வேண்டும் என்றும், அது ஏன் விலகவில்லை என்று பார்க்க வேண்டும் என்றும் காப்பீட்டு நிபுணர் பழக்கதோஷத்தில் எடுத்துவிட்டார். மாளிகை யார் பொறுப்பில் இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். குழுவின் பொறுப்பில்தான் என்றார் இன்னொருவர்.

"முட்டாள்தனமாகப் பேசாதீர்கள்!" என்று தலைவர் வெடித்தார். "தரை என்னய்யா செய்யும்? தரை எங்கேயாவது நகருமா? பெட்ரோல் போடாமல் கிளம்பினவரைக் கேளுங்கள்!"

"அதைத்தான் சார் நான் அப்பவே சொன்னேன்," என்றார் விஜயராகவன்.

மாளிகைக் கூடத்தில் அவசரக் கூட்டம் போட்டார்கள். விபத்துக்குக் காரணம் பெட்ரோல் இன்மை, தரை குற்றமற்றது, விமானத்தை உடனே உரியவர் எடுத்துச் செல்லலாம், தெருக்கள் யாவும் விடுவிக்கப்படுகின்றன. மூன்று மாதத்து விவாதம் மூன்று வரியில் முடிந்தது. தலைவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "தரைத் தரப்பும் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கே நம் தரைப் பிரதிநிதி?" என்று தேடினார்.

ராஜமாணிக்கம் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கண்ணையன் பக்கத்தில் வந்து, "பாவா, ஒத்துகினு வா, போலாம். தெருவு காலியாயிடுச்சு," என்றான்.

"ஆங், காலியாயிடுச்சு இல்ல? அப்போ நீயும் அக்காவும் போங்க. நாளைக்குக் காலைல மொதல் பாவு நம்முளுது. கஞ்சிக்கு அரிசி ஊற வெக்கச் சொல்லு."

"நீ வரலியா?"

ராஜமாணிக்கம் உள்ளே போனார். ஸ்டூலைத் தாண்டி, தலைவருக்கு நேர் எதிரே இருந்த மெத்தை நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாவகாசமாக உட்கார்ந்தார்.

"அவசரப்பட்டா எப்டி சார்?" என்றார். "தரை சார்பா நெறைய பேச வேண்டியது கீது. விவாதிப்போம்."